ரீமரின் ஆறு பெண்கள்

நவம்பர் 6

முதலில் ஒரு மன்னிப்பு. இது அலுவலக நோட்டு. காட்சிக் கூடங்களின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் குறித்துவைக்கத் தந்தது. அதைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து என் விஷயங்களை எழுதுகிறேன். எழுதும் அளவுக்கு என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு பெண்கள் விடுதிக்கு வந்தால் மனசு அடங்குவதில்லை, அதனால்தான். வேலை முடிந்ததும் இந்தப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நீலாங்கரையில் உள்ள கலைக்கூடம். தற்காலிக வேலை. படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டும் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. டிசம்பர் 8 அன்று ஓட்டோ ரீமர் என்ற ஜெர்மன் ஓவியரின் கண்காட்சி தொடங்குகிறது. இயக்குநர் மைதிலி மேடம் இன்று அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த ஷோ நன்னா போச்சுன்னா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடலாம்னு இருக்கேன், குணா. ஆனா கொஞ்சம் வாயைத் திறந்து பேசு, என்ன?"

தலையாட்டினேன்.

நவம்பர் 8

ரீமரைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் அப்பா தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் ரீமர்தான். வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் வாடை அடிக்கிறது என்று தள்ளி உட்கார்ந்தார்களாம். இந்த வரியை இரண்டு முறை எழுதினேன். முதலில் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

கட்டடக் கலை படிக்கப் போனவர் படிப்பை விட்டுவிட்டு, நண்பர்களோடு ஒரு காலி ரொட்டிக்கடையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை விட்டு, மனசில் பட்ட நிறத்தைப் பூசிய கூட்டம் அது. முகம் பச்சையாக இருக்கும், வானம் செங்கல் நிறத்தில் இருக்கும். ரீமருக்கு ஓவியத் துணி வாங்கக் காசில்லை. சாக்கில் வரைந்தார். சீக்கிரம் காயட்டும் என்று சாயத்தில் பெட்ரோல் கலந்தார். யாரையும் கால் மணி நேரத்துக்கு மேல் பார்த்து வரைய மாட்டார். "அதற்கு மேல் பார்த்தால் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்" என்பாராம்.

1915இல், இருபத்தாறு வயதில், போர்முனை மருத்துவமனையில் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் அம்மா அந்தச் சாக்கு ஓவியங்களை உருளைக்கிழங்குக் குவியலின் மேல், பனி படாமல் இருக்கப் போர்த்திவைத்திருந்தார். இன்று மிஞ்சியிருப்பவை அவைதான்.

உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரே ஒரு கண்காட்சி நடந்தது. அம்மா அதற்கு வரவில்லை. அவர் அம்மாவைக் கூப்பிட்டாரா என்று கட்டுரையில் இல்லை.

நவம்பர் 9

மழை. மூன்றாம் கூடத்தில் ஈரப்பதம் ஏறிவிட்டது. வாளி வைத்தோம்.

நவம்பர் 11

சுவரொட்டி வந்தது. கண்காட்சியின் முக்கியமான படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆறு பெண்கள், வட்டமாக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலை குனிந்து நிற்கிறார்கள். ஆரஞ்சு உடல்கள், கரும்பச்சைப் பின்னணி. ஜெர்மன் தலைப்புக்கு 'மகிழ்ச்சி நடனம்' என்று பொருள். தமிழில் 'ஆனந்தக் கும்மி' என்று வைக்கலாம் என்கிறார் மேடம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தூர தேசத்து மனிதர்களைக் கப்பலில் கூட்டிப்போய், மிருகக்காட்சிச் சாலைகளில் வேலிக்குள் குடிசை போட்டு வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டினார்களாம். ரீமர் போய் வரைந்தது 'தென்னிந்திய கிராமம்' என்ற அப்படி ஒரு காட்சியை. இந்த ஆறு பெண்களும் தமிழ்ப் பெண்கள்.

மேடம் சுவரொட்டியைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "யுத்தம் வரதுக்கு முந்தின வருஷம் இது. ஐரோப்பாவே அழப்போறது. இவா மட்டும் எவ்வளவு சந்தோஷமா ஆடறா, பாரேன்!" என்றார்.

படம் மாட்டும் ஜெரால்டு அண்ணன் ஏணியிலிருந்து எட்டிப்பார்த்தார். "மேடம், ஆடுறவங்க இப்டி தொங்கிக்கினா ஆடுவாங்க?"

"அது பரவசம், ஜெரால்ட்."

"எங்க காசிமேட்ல அதுக்கு வேற பேரு மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ கிராமத்துப் பொண்ணாச்சே. இது கும்மிதானே, குணா?"

"தெரியல மேடம்."

திரும்பும்போது பேருந்தில் ஒரே கூட்டம். இடம் கிடைக்கவில்லை.

நவம்பர் 12

அம்மா பேசினார். குரல் கட்டியிருக்கிறது. இந்த வாரம் வேலை அதிகமாம். மேல்மலையனூர் பக்கம் ஒன்று, செஞ்சிக்குள்ளேயே ஒன்று.

"ஒரு தடவ வந்து நீ வேல செய்யற எடத்தப் பாத்துட்டுப் போவட்டாடி? தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. கடலு கூடத் தெரியும்னியே."

"மழையா இருக்குதும்மா. அப்பறம் வா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. அப்ப வெயிலு காஞ்சிது."

நவம்பர் 15

தொடக்க விழாவில் ஆறு கல்லூரிப் பெண்கள் படத்தின் முன்னால் அதே போல நின்று ஆடப்போகிறார்கள். பறை ஒலிக்கும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வருபவர்களுக்கெல்லாம் மல்லிகைச் சரமும் உண்டு. எத்தனை முழம் சொல்லலாம் என்று கேட்டார்கள். எனக்கு வேண்டாம், நான் மல்லி வைப்பதில்லை என்றேன்.

"அது என்னா சிஸ்டர், மல்லி மேல கோவம்?" என்றார் ஜெரால்டு அண்ணன்.

"தலை வலிக்கும்ணா."

மேடம் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க அம்மா என்ன பண்றா, குணா?" என்று கேட்டார்.

"பாடுவாங்க மேடம்."

"அட, சொல்லவே இல்லையே! கச்சேரியா?"

"வெளியூருக்கெல்லாம் போவாங்க."

நான் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 17

அந்தப் படத்துக்கான குறிப்பை மட்டும் எழுத முடியவில்லை. மற்ற எல்லாம் முடிந்துவிட்டன. இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

கும்மியில் கை தட்ட வேண்டும். இந்தப் பெண்களின் கைகள் பக்கத்தில் நிற்பவளின் தோளிலும் கழுத்திலும் இருக்கின்றன. தட்டுவதற்குக் கையே இல்லை. முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு யாரும் கும்மி அடிப்பதில்லை. நெற்றிகள் உள்பக்கமாகச் சாய்ந்து, ஒன்றை ஒன்று தொடும் தூரத்தில் இருக்கின்றன. ரீமர் அங்கே வரைந்த மற்ற படங்களில் எல்லாம் மேளமும் வேடிக்கை பார்க்கும் தொப்பிக்காரர்களும் இருக்கிறார்கள். இதில் மேளம் இல்லை. தொப்பியும் இல்லை.

இது சாவு. வந்த பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். செஞ்சிப் பக்கம் பிறந்த குழந்தைகூடச் சொல்லும்.

இதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் அம்மா ஒப்பாரி பாடுபவர். எங்கள் தெருவுக்கு மட்டும் இல்லை, ஊர்த்தெருவில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். அம்மா போய்த் தெருவிலேயே நின்று அழுது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருவார். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். கல்லூரியில் ஒருத்திக்கு இது தெரிந்துபோனது. அதன்பிறகு நான் வகுப்புக்குள் நுழைந்தால், "யார் வீட்டுல?" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று வருடமும் சிரித்தார்கள். இங்கே இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சொல்லாவிட்டால், அந்தப் பெண்கள் அழுத இடத்தில் ஆறு பேர் சிரித்துக்கொண்டு ஆடுவார்கள். அதற்கு நான் தமிழில் தலைப்பு எழுதிக் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 21

ஜெர்மனியிலிருந்து படங்களின் பெட்டிகள் வந்துவிட்டன. கூடவே அவற்றை அனுப்பிய அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் அன்னெலீஸ் என்ற அம்மையாரும் வந்திருக்கிறார். பெட்டியை உடனே திறக்கக் கூடாதாம். இந்த ஊர்க் காற்று மெல்ல உள்ளே போய்ப் பழக வேண்டும். ஒரு நாள் அப்படியே மூடி வைத்திருக்கிறோம். சுற்றிச் சுற்றி அந்தப் பக்கமே போய்வந்தேன்.

"இன்னா சிஸ்டர், உள்ள இருக்கறவங்களுக்கு டீ குடுக்கப் போறியா?" என்றார் ஜெரால்டு அண்ணன்.

நவம்பர் 22

திறந்தோம். சுவரொட்டியில் இருப்பதைவிடப் பெரிய படம். சாக்கின் இழைகள் தெரிகின்றன. கீழ் ஓரத்தில் ஈரக்கறை இருக்கிறது.

சுவரொட்டியில் படத்தின் இடது பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆறாவது பெண்ணின் கையும் முடியும்தான் அதில் தெரிந்தன. முழுப் படத்தில், அந்தப் பக்கம் நிற்பவள் மட்டும் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். அவள் மார்பைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருக்கிறது. சதை மேலும் கீழும் பிதுங்கும் அளவுக்கு இறுக்கம். வெள்ளையின் நடுவே மஞ்சளும் சாம்பலும் கலந்த இரண்டு ஈரத் திட்டுகள். 'சடங்கு உடை' என்கிறது கட்டுரை.

என் அக்கா தனத்துக்குப் போன வருடம் குழந்தை பிறந்து பத்தாம் நாள் போய்விட்டது. பால் நிற்கவில்லை. வலியில் கத்தினாள். அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ வாடவாட மாற்றிக் கட்டினார். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மல்லிகை வாசனை.

ஜெர்மனியில் மல்லிகைக்கு எங்கே போவார்கள்? துணியை மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 23

தலைவலி என்று விடுப்பு எடுத்தேன். உண்மையில் அந்த ஈரத் திட்டுகளை மறுநாளே பார்க்க முடியவில்லை.

நவம்பர் 24

படத்தை அக்காவின் போனுக்கு அனுப்பி, அம்மாவிடம் காட்டச் சொன்னேன். எதுவும் விளக்கவில்லை. அம்மா உடனே கூப்பிட்டார்.

"யாருடி செத்தது?"

"தெரியலம்மா. நூறு வருசம் ஆவுது."

"இந்தக் கோடியில நிக்கறவ மாரக் கட்டியிருக்கா. இவ புள்ளதான்." அக்கா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா கைப்புள்ளைக்கு யாரும் இப்பிடி வட்டம் கட்டி அழ மாட்டாங்களேடி. கொண்டுபோயி மண்ணுல வச்சிட்டு, சத்தமில்லாம வந்துருவோம். நம்ம தனம் புள்ளைக்கி நான் வாயத் தொறந்தனா?" என்றார்.

"அப்ப நான் தப்பா சொல்றனா?"

"தப்பில்ல. எந்த ஊருன்ன?"

சொன்னேன். வேலி, குடிசை, டிக்கெட், எல்லாவற்றையும்.

"அப்பிடியா?" என்றார் அம்மா. "அப்ப அவளுங்களுக்கு அழறதுக்கு வேற நாளு கெடைக்கல போல. ஊரு, ஒறவு, எல்லாத்துக்கும் சேத்து அன்னைக்கே அழுதுட்டாளுங்க."

நவம்பர் 27

அன்னெலீஸ் தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது. இது நடனம் இல்லை, இறுதிச் சடங்கின் அழுகை என்றேன். மார்த்துணியைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார். வெகுநேரம் கழித்து, "தலைப்பு ரீமர் வைத்ததில்லை. அவர் இறந்த பிறகு படத்தை விற்றவர் வைத்தது" என்றார். அந்தக் காட்சி திறக்கும் முன்பாக, காலை வேளைகளில்தான் ரீமர் அங்கே வரையப் போவாராம். அந்த நேரத்தில் யாரும் நடிக்க வேண்டியதில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீமருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மேளத்தை வரையவில்லை.

அன்னெலீஸ் பேனாவை எடுத்தார். "இது முக்கியமான விஷயம். எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? ஆதாரம் குறிப்பிட வேண்டும்."

"எங்கோ படித்தேன். நினைவில்லை" என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு மேடமும் அதையேதான் சொன்னார். "ஆதாரம் இல்லாம தலைப்பை மாத்த முடியாது, குணா. போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு."

நவம்பர் 29

ஈரப்பதம் சரியாக இருக்கிறது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

டிசம்பர் 1

ஒத்திகை. ஆறு பெண்கள், பறைப் பாட்டு. தோளில் கைபோட்டுக் குதித்தார்கள். ஒருத்தியின் கை நழுவியது, சிரிப்பு. மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் நழுவியது. நடன ஆசிரியை சலித்துக்கொண்டார். "படத்துல நிக்கற மாதிரி நின்னா ஆடவே முடியலயே மேடம். கால் எழும்ப மாட்டேங்குது."

"குணா, நீ போய்க் காட்டேன். சும்மா கூச்சப்படாதே. எல்லாம் நம்ம பசங்கதான்" என்றார் மேடம்.

போனேன். இரண்டு பெண்களுக்கு நடுவே நின்றேன். ஒருத்தியின் தோளில் கை வைத்து, மற்றவளின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, தலையை உள்ளே கொண்டுபோனேன். "முடிய அவுத்து விடுங்க" என்றேன். அவிழ்த்தார்கள். "இப்ப சாஞ்சுக்குங்க. பாரத்த அடுத்தவங்க மேல போடுங்க." போட்டார்கள். எங்கள் உடம்பு தானாகவே முன்னும் பின்னும் அசைய ஆரம்பித்தது. குழந்தையாக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்த வட்டங்களுக்குள் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். மேலே முகங்கள், சூடான மூச்சு, தலையில் சொட்டும் கண்ணீர்.

பிறகு என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டில்லை. பாட்டுக்கு முன்னால் அம்மா இழுக்கும் அந்த இழுப்பு. தனத்தின் குழந்தைக்கு யாரும் இழுக்காதது.

சிரிப்பு நின்றது. ஜெரால்டு அண்ணன் போய்ப் பறைப் பாட்டை நிறுத்தினார். என் இடப்பக்கம் நின்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"இது யாரு உனக்குக் கத்துக்குடுத்தா?" என்றார் மேடம்.

"எங்க அம்மா. சாவு வூட்டுக்குப் பாடப் போவாங்க. கூப்புடுவாங்க, காசு குடுப்பாங்க. எங்க தெருவுல அதான் வேலை."

இவ்வளவு நீளமாக இங்கே நான் பேசியதே இல்லை. செஞ்சிப் பேச்சில் பேசினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

யாரும், "யார் வீட்டுல?" என்று கேட்கவில்லை. ஜெரால்டு அண்ணன் மட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். "எங்க ஆயாவும் அழுவும் சிஸ்டர். ஆனா காசு யாரும் குடுத்ததில்ல. ஏமாத்திட்டானுங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

டிசம்பர் 2

நடனம் ரத்து. அன்னெலீஸ் வற்புறுத்தினாராம். ஜெர்மன் தலைப்பு இருக்கும், கீழே நான் எழுதும் குறிப்பும் இருக்கும். இது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மேடம் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, குணா. என்ன ஒரு மொமென்ட் அது! உங்க அம்மாவைக் கூப்பிடு. தொடக்க விழால அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு பாடட்டும். கூட அஞ்சு பேரையும் அழைச்சிண்டு வரட்டும். பஸ், சாப்பாடு, பேமென்ட் எல்லாம் நாம பாத்துக்கலாம். ஜெர்மன் கன்சல் ஜெனரலே வரார்!"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே தோட்டத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கூடத்தில், பார்வையாளர்கள் நெருங்காதபடி படத்துக்கு முன்னால் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

"வேணாம் மேடம்."

"ஏன்? அவாளுக்கு இது கௌரவம் இல்லையா?"

"காட்டறதுக்கு வர மாட்டாங்க மேடம். நான் கூப்பிட மாட்டேன்."

"நன்னா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மேடம்."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி. பர்மனென்ட் விஷயத்தை ஷோ முடிஞ்சப்புறம் பார்க்கலாம்."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 5

குறிப்பு எழுதி முடித்தேன். அன்னெலீஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

'ஆறு தமிழ்ப் பெண்கள். ஜெர்மன் தலைப்பு ஓவியர் வைத்ததல்ல. எங்கள் ஊர்களில் சாவின்போது பெண்கள் இப்படிக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இடது ஓரத்தில் இருப்பவள், குழந்தையை இழந்து, பால் நிற்பதற்காக மார்பைக் கட்டியிருக்கிறாள் என்று தோன்றுகிறது. குழந்தையின் பெயர் தெரியவில்லை. பெண்களின் பெயர்களும் தெரியவில்லை.'

அதற்குக் கீழே ஆதாரம் போடும் இடம். போன வாரம் என்னிடம் கேட்டது இதைத்தான். 'பச்சையம்மா, ஒப்பாரிப் பாடகர், செஞ்சி' என்று எழுதினேன்.

டிசம்பர் 7

நாளை தொடக்கம். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு மூன்றாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீமர் கால் மணி நேரம்தான் அவளைப் பார்த்திருப்பார். அதற்கு மேல் அவராலும் முடிந்திருக்காது. ஈரப்பதத்தைக் குறித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உன் பேர செவுத்துல போட்டிருக்கோம்மா. அந்தப் படத்துக்குப் பக்கத்துல."

"செவுத்துலயா? கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சிக்கப் போறாங்கடி. அப்பறம் எவன் என்னக் கூப்புடுவான் வேலைக்கி?" சிரித்தார், இருமினார். "போட்டோவாவது நல்லதா போட்டியா?"

"போட்டோ இல்ல. பேருதான்."

"வேல நெலைக்குமா கண்ணு?"

"தெரியலம்மா."

"போவட்டும் வுடு."

போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் அம்மா கேட்டதை இன்று கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"அம்மா, நாளைக்கி வேணாம், கூட்டமா இருக்கும். செவ்வாக்கெழம வர்றியா? அக்காவையும் கூட்டிக்கிட்டு வா. கோயம்பேட்டுல நான் வந்து நிக்கறேன்."

"வந்து? அந்தப் படத்தாண்ட நின்னு அழணுமா? தொண்ட இப்ப தேவலாம். வேணும்னா அழுறேன்."

"அழ வேணாம்மா," என்றேன். "நீ பாக்க வா."